ஒரு வருடம், ஒரு லென்ஸ்: தோட்டத்துக்கும் வயல்வெளிக்கும் எதை எடுத்துப் போவது?

கேமராவோடு வந்த சாதாரண சூம் லென்ஸை வைத்துக்கொண்டு தோட்டம், வயல், குளக்கரை, மலையடிவாரம் என்று சுற்றுபவர்களுக்குச் சீக்கிரமே ஒரு கேள்வி வரும். அடுத்து ஒரே ஒரு லென்ஸ்தான் என்றால் எது? பூக்கும் காலம், கோடை, மழை, பனி, இலையுதிர்வு என்று வருடம் முழுக்க அதுதான் கேமராவில் இருக்கப்போகிறது. பரந்த காட்சியைப் பிடிக்கும் வைட், மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ, தூரத்தை இழுக்கும் டெலி, சூம் இல்லாமல் ஒரே அளவில் நிற்கும் 35 அல்லது 50 மி.மீ. பிரைம் என்று நான்கு வழிகள் உண்டு. எதுவும் வாங்காமல் கைப்பேசியோடு போவது ஐந்தாவது.

லென்ஸின் மி.மீ. எண் அதன் குவியநீளம்; அது கூடக்கூடப் பார்வை குறுகும். கீழே வரும் மி.மீ. கணக்கெல்லாம் 36×24 மி.மீ. சென்சாருக்கு, அதாவது கேமராவில் படம் பதியும் சில்லுக்கு. அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 1.5 அல்லது 1.6ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், இன்னும் சின்ன மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 2ஆல்.

விளம்பரப் படங்களை வைத்து லென்ஸ்களை ஒப்பிடுவதில் பயனில்லை, அவற்றில் எல்லா லென்ஸும் நல்ல லென்ஸ்தான். கூர்மை, ஒளித் திறப்பு போன்றவற்றைவிட நான் முதலில் பார்ப்பது, இந்த லென்ஸ் எதையெல்லாம் படத்துக்கு வெளியே நிறுத்தும் என்பதை. தோட்டம் நெரிசலான இடம். பூவுக்குப் பின்னால் வேலி, தண்ணீர்க் குழாய், மதில், யாரோ விட்டுப்போன வாளி. வயல்வெளி விசாலமாகத் தெரிந்தாலும் அங்கே மின்கம்பியும் கம்பமும் வெளுத்த வானமும் இருக்கும். நம் கண் இவற்றையெல்லாம் கண்டுகொள்ளாமல் பூவை மட்டும் பார்க்கும். சென்சாருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு. கேமராவிலிருந்து 10 மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மி.மீ. லென்ஸ் அந்தச் சுவரில் 15 மீட்டர் அகலத்தைப் படத்துக்குள் இழுத்துவிடும். 100 மி.மீ. லென்ஸில் 3.6 மீட்டர். 200 மி.மீ. லென்ஸில் வெறும் 1.8 மீட்டர். பூ படத்தில் ஒரே அளவில் இருக்கும்படி முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே லென்ஸை மாற்றினால், பூவின் அளவு மாறாது. பின்னணி மட்டும் இப்படிச் சுருங்கிக்கொண்டே போகும். 1.8 மீட்டருக்குச் சுத்தமான பச்சை எந்தத் தோட்டத்திலும் ஒரு மூலையில் கிடைத்துவிடும். 15 மீட்டருக்குக் கிடைப்பது அபூர்வம். இன்னொரு வசதியும் உண்டு: நீள லென்ஸோடு ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்தாலே பின்னணி முழுதாக வேறொன்றாகிவிடும்.

ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பிளாஸ்ஃபெல்ட் (1865–1932) சொந்தமாகச் செய்த கேமராவில் தண்டு, மொட்டு, சுருண்ட இலை போன்றவற்றை 30 மடங்கு வரை பெரிதாக்கி எடுத்தவர். அவர் பின்னணிப் பிரச்சினையை வேரோடு தீர்த்துக்கொண்டார்: செடியை வெட்டி எடுத்துவந்து வெற்று அட்டைக்கு முன்னால் வைத்தார். வெட்ட மனமில்லாத நமக்கு லென்ஸின் நீளம்தான் அந்த அட்டை.

எல்லாரும் முதலில் ஆசைப்படும் வைட்

இயற்கைக் காட்சி என்றதும் 16-35 மாதிரி ஒரு வைட் சூம்தான் என்று பலர் முடிவே செய்துவிடுகிறார்கள். பரந்த வெளிக்குப் பரந்த லென்ஸ், கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மலையை 16 மி.மீ.யில் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு முன்னால் ஓங்கி நின்ற மலை, படத்தில் அடிவானத்தில் ஒரு மேடாகக் கிடக்கும். முழுநிலவு வானத்தில் அரை டிகிரி அகலம்தான், 24 மி.மீ. லென்ஸ் அதைச் சென்சாரில் 0.2 மி.மீ. புள்ளியாகப் பதிக்கும், 400 மி.மீ. லென்ஸ் 3.5 மி.மீ.க்கு மேல் பதிக்கும். தூரத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

வைட் லென்ஸ் நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் காலடியிலேயே ஏதாவது இருக்க வேண்டும். அரை மீட்டர் தூரத்தில் ஒரு பூங்கொத்து, ஓடையில் ஈரமான ஒரு கல், பாசி பிடித்த வேர். பூத்துக் குலுங்கும் வாரங்களில் அதற்குப் பஞ்சமில்லை. அதன்பின் கோடையின் காய்ந்த புல், அறுவடை முடிந்த வெற்று வயல், உதிர்ந்து கிடக்கும் சுள்ளிகள் என்று முன்பக்கம் காலியாகிவிடும். மேலே மேகமற்ற வெளுத்த வானம் பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். வருடத்தின் பெரும்பகுதியில் வைட் லென்ஸ்காரர் வானத்தோடும் தரையோடும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருப்பார்.

வைட்டுக்கே உரிய காலம் மழைக்காலம். புயல் மேகம் திரண்டு வரும்போது வானமே விஷயமாகிவிடுகிறது, அப்போது வேறெந்த லென்ஸும் போதாது. வானவில்லுக்கும் அப்படித்தான். அதன் வளைவு நடுவிலிருந்து 42 டிகிரி, ஆக முழு வில் 84 டிகிரி அகலம். 24 மி.மீ. லென்ஸின் கிடைமட்டப் பார்வை 74 டிகிரிதான், ஓரம் வெட்டுப்படும். 20 மி.மீ. லென்ஸில் மயிரிழையில் அடங்கும், 16இல் தாராளமாக அடங்கும். போலரைசர் (பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டித் திருப்பும் ஃபில்டர்) மாட்டியிருந்தால் கவனம் தேவை. வானவில்லின் ஒளி முனைவாக்கம் பெற்றது, அதாவது பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்வது என்பதால், ஃபில்டரை ஒரு பக்கம் திருப்பினால் வில் பளிச்சென்று தெரியும், இன்னொரு பக்கம் திருப்பினால் பாதி காணாமல் போகும்.

அதே மழைக்காலத்தில் வைட்டுக்கு ஒரு தொல்லையும் இருக்கிறது. அதன் ஹூட் (லென்ஸின் முன்விளிம்பில் மாட்டும் மறைப்பு) தட்டையானது, முன்கண்ணாடி வெளியே பிதுங்கி நிற்கும். தூறலில் ஒரு துளி விழுந்தாலும் படத்தில் மங்கலான வட்டமாகத் தெரியும். டெலியின் நீண்ட ஹூட் தூறலை ஓரளவு தடுத்துவிடும். நீல வானத்திலும் போலரைசர் வைட்டோடு ஒத்துப்போவதில்லை. சூரியனுக்கு 90 டிகிரி தள்ளியுள்ள வானம்தான் அதிகம் கறுக்கும் என்பதால், ஒரே படத்தில் வானத்தின் ஒரு பட்டை மட்டும் கருநீலமாகி, திட்டுத் திட்டாகத் தெரியும்.

வானமும் மேகமும்தான் என் ஆசை என்பவர்கள் வைட் வாங்கலாம். அடர்ந்த மரங்களுக்கு அடியில் நின்று மேலே பார்த்து எடுக்கவும் அது வேண்டும். மற்றவர்கள் கடைசியாக வாங்க வேண்டிய லென்ஸ் இது என்பேன்.

மேக்ரோவா, டெலியா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுவோம்.

மேக்ரோ என்று சொல்லத்தக்க லென்ஸ் 1:1 வரை போகும். அதாவது 36×24 மி.மீ. பரப்புள்ள ஒரு பூவின் நடுப்பகுதி படம் முழுவதையும் நிரப்பும். சாதாரண சூம் பெரும்பாலும் கால் மடங்கிலேயே நின்றுவிடும். கால் மடங்குக்கும் முழு மடங்குக்கும் நடுவில்தான் தோட்டத்தின் பெரும்பகுதி இருக்கிறது: மகரந்தத் தாள், இலை நரம்பு, பனித்துளி, சிலந்தி வலை, தும்பியின் கண்.

60, 100, 180 என்று மேக்ரோவில் மூன்று நீளங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. 1:1க்குப் போகும்போது 60இல் லென்ஸின் நுனிக்கும் பூச்சிக்கும் இடையே ஏறத்தாழ 5 செ.மீ. மிஞ்சும். 100இல் 13 செ.மீ. சுமார். 180இல் ஒரு முழத்தில் பாதிக்கு மேல். 60 மி.மீ.யை அசையாத பூவுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் லென்ஸின் நிழலே பூமேல் விழும், பூச்சி பறந்துவிடும். 180 கனமானது, விலையும் கூடுதல். 100 அல்லது 105தான் பலருக்கும் ஒத்துவரும்; எடையும் 600 முதல் 750 கிராமுக்குள் அடங்கிவிடும், நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கலாம்.

இப்போது மேக்ரோவின் கஷ்டங்கள். எஃப் எண் என்பது ஒளித் திறப்பின் அளவு; எண் பெரிதானால் திறப்பு சின்னதாகும். 1:1இல் எஃப்/8 வைத்தால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. எஃப்/16க்குப் போனால் 2 மி.மீ. அதற்குள் தும்பியின் ஒரு கண் இருக்கும், மறு கண் இருக்காது. சரி, அந்தத் திறப்பை இன்னும் சின்னதாக்கலாமே என்றால், 1:1இல் உண்மையான எஃப் எண் இரட்டிப்பாகிவிடுகிறது. லென்ஸில் எஃப்/16 என்று வைத்தாலும் நடப்பது எஃப்/32. ஒளியின் விளிம்பு வளைவால் படம் முழுக்க மென்மையாகிவிடும். 1932இல் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலான அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்கள் தங்கள் குழுவுக்கு எஃப்/64 என்றே பெயர் வைத்தார்கள், ஆனால் அவர்கள் எடுத்தது 8×10 அங்குல ஃபிலிமில். அத்தனை பெரிய ஃபிலிமைச் சிறிதளவு பெரிதாக்கினாலே போதும் என்பதால் அந்த மென்மை அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. நம் சின்னச் சென்சாருக்கு எஃப்/11, போனால் எஃப்/16தான் எல்லை.

எஃப் எண் இரட்டிப்பாவதால் இரண்டு ஸ்டாப் ஒளியும் போய்விடுகிறது (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரு மடங்காவது). வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் வேகம் இறங்கும், காற்று வேறு பூவை ஆட்டும். லென்ஸிலும் கேமராவிலும் உள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கையை நிறுத்தும், செடியை நிறுத்தாது. அதனால் மேக்ரோ என்பது பெரும்பாலும் காலைநேர வேலை. விடியலில் தரை குளிர்ந்து கிடப்பதால் காற்று அடங்கியிருக்கும். வானம் தெளிவாக இருந்து காற்றும் இல்லாத இரவுக்கு மறுநாள் பனித்துளி இருக்கும். பூச்சிகளும் உடல் சூடேறும்வரை அசையாமல் இருக்கும், தும்பியின் இறகில் பனி கோத்து நிற்பதை அப்போதுதான் நிதானமாக எடுக்க முடியும். வெயில் ஏறி ஒரு மணி நேரத்தில் இது எல்லாம் முடிந்துவிடும். சீக்கிரம் எழும் பழக்கம் இல்லாதவர்கள் மேக்ரோ வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை யோசிக்கலாம் என்று நண்பர்களிடம் நான் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. பாதி உண்மைதான்.

ஆனால் மேக்ரோவுக்கு ஒரு பெரிய நன்மை: பருவம் பொய்த்தாலும் அது பொய்க்காது. பூவே இல்லாத கோடையில் விதைக்கூடு இருக்கும், பட்டுப்போன தண்டு இருக்கும், வெடித்த மண் இருக்கும். மழைக்காலத்தில் காளான், பாசி, இலை நுனியில் தொங்கும் துளி. உறைபனி விழும் இடங்களில் இலை ஓரத்துப் பனிப்படிகம். வானம் மூட்டமாக, நிழலே விழாத நாளில் வெளிக்காட்சி எடுப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். மேக்ரோவுக்கு அதுதான் நல்ல நாள். மூட்டத்தில் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் இதழின் மென்மையான நிறம் அப்படியே கிடைக்கும். வெயிலில் எடுத்த சிவப்புப் பூவில் சிவப்பு மட்டும் உச்சத்தைத் தாண்டி, இதழின் மடிப்புகளெல்லாம் ஒரே சாயமாகிவிடும். ஹிஸ்டோகிராமில் (படத்தின் ஒளி அளவுகளைக் கேமரா காட்டும் வரைபடம்) மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பார்ப்பது அதனால்தான் முக்கியம். மொத்த வரைபடம் சரி என்று காட்டும்போதே சிவப்பு எல்லை தாண்டியிருக்கும்.

100 மி.மீ. மேக்ரோ நெருக்கத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டியதில்லை. முடிவிலிக்கும் ஃபோகஸ் ஆகும். ஒற்றை மரம், வரப்பு வளைவு, கதவோரத்துக் கொடி என்று நடுத்தர தூரத்துக்கு அது மிகக் கூர்மையான ஒரு குறுடெலி. எட்டாமல் போவது பறவையும் தூரத்து மலையும்தான்.

டெலிக்கு வருவோம். 70-300 அல்லது 100-400. முன்னது பெரும்பாலும் 700 கிராம் சுமார் இருக்கும், பின்னது பெரும்பாலும் ஒன்றரைக் கிலோ பக்கம் போகும். திறந்தவெளிக்கு இது தரும் பலன் வைட்டுக்கு நேரெதிர். விரிந்து கிடப்பதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கும். மூடுபனிக் காலையில் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்துக்கொண்டே போகும் மலைவரிசை, வயல் நடுவில் தனியாக நிற்கும் மரம், சரிவில் இறங்கும் ஆடுகள். மின்கம்பத்துக்கு இடப்பக்கமும் கூரைக்கு வலப்பக்கமும் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளிதான் பல நேரம் படம்.

இலையுதிர்வில் இது கூடுதலாக உதவும். பச்சையம் சிதையும்போது இலையில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரியும். பல மரங்களில் சிவப்பு அந்தச் சமயத்தில்தான் புதிதாக உருவாகும். எல்லா மரமும் ஒரே வாரத்தில் நிறம் மாறாது. ஒரு சரிவில் நாலைந்து மரம் மட்டும் மாறியிருக்கும், 300 மி.மீ. அந்த நாலைந்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதோடு எதிர்வெயிலில் இலை ஒளி ஊடுருவி எரிவதுபோல் தெரியும்; அப்போது சூரியனைச் சட்டத்துக்கு வெளியே வைத்துக்கொண்டு இலையை மட்டும் எடுப்பது டெலியில் சுலபம், வைட்டில் சூரியன் எங்காவது எட்டிப்பார்க்கும்.

டெலியின் எதிரி கோடை நண்பகல். சூடான தரைமேல் காற்று நெளிந்துகொண்டே இருக்கும், அந்த நெளிவை 400 மி.மீ. லென்ஸ் பெரிதாக்கிக் காட்டும். படத்தைப் பார்த்துவிட்டு லென்ஸில்தான் கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் இதற்கு மருந்து கிடையாது. காலையில் வர வேண்டும், அல்லது பக்கத்தில் போக வேண்டும். புழுதி, புகைமூட்டம் எல்லாம் சேர்ந்து தூரத்துக் காட்சியின் நிறத்தைக் குறைப்பதும் அந்தக் காலத்தில்தான்.

இனிதான் என் முடிவைத் திருப்பிப்போட்ட விஷயம். டெலியை அரை மேக்ரோவாக மாற்ற முடியும். முன்னால் திருகும் குளோசப் லென்ஸ் என்று ஒன்று கிடைக்கிறது. 2 டயாப்டர் பவர் உள்ளதை மாட்டினால், லென்ஸ் முடிவிலியில் இருக்கும்போது ஃபோகஸ் சரியாக அரை மீட்டரில் நிற்கும். உருப்பெருக்கம் என்பது குவியநீளத்தை 500ஆல் வகுத்தால் வருவது. 200 மி.மீ.யில் 0.4 மடங்கு, 300இல் 0.6 மடங்கு. வண்ணத்துப்பூச்சிக்கு இது ஏராளம், அதுவும் அரை மீட்டர் தள்ளி நின்றுகொண்டே. ஒளியும் குறையாது. ஒற்றைக் கண்ணாடியால் ஆன மலிவு வகை ஓரங்களில் நிறப் பிசிறு காட்டும், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த அக்ரோமேட் வகைதான் வாங்கத் தகுந்தது. இதையே 50 மி.மீ. லென்ஸில் மாட்டினால் 0.1 மடங்குதான் வரும், வீண். குட்டை லென்ஸுக்கு எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய்) நல்லது: 25 மி.மீ. டியூப் 50 மி.மீ. லென்ஸில் 0.5 மடங்கு கூட்டும், 200இல் 0.125தான் கூட்டும். இரண்டையும் மாற்றி வாங்கிவிட்டுப் புலம்புகிறவர்கள் நிறைய.

ஒரே உருப்பெருக்கம், ஒரே எஃப் எண் என்றால் ஃபோகஸ் ஆழம் எந்த லென்ஸிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் தூரத்துப் பின்னணி மங்குவது குவியநீளத்துக்கு ஏற்ப அதிகரிக்கும். 200 மி.மீ.யில் அது 100ஐவிட இரு மடங்கு கரைந்துபோகும். பின்னணியை வெளியே தள்ளுவதில் டெலி மேக்ரோவையே முந்துகிறது என்பது இதனால்தான். சில 100-400 லென்ஸ்கள் எந்தத் துணையும் இல்லாமலே ஒரு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகி 0.3 மடங்கு வரை தருகின்றன. அப்படிப்பட்டது கையிலிருந்தால் தும்பிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் வேறெதுவும் தேவைப்படாது.

சரி, அப்படியானால் டெலிக்கு வெற்றியா? வீட்டுத் தோட்டம்தான் உங்கள் உலகம் என்றால் இல்லை. ஒடுங்கிய இடத்தில் 300 மி.மீ.யை வைத்துப் பின்னால் போக இடம் இருக்காது, முதுகு மதிலில் முட்டும். குளோசப் லென்ஸ் மாட்டியபின் அரை மீட்டருக்கு அப்பால் எதுவும் ஃபோகஸ் ஆகாது என்பதால், பூவிலிருந்து செடிக்குத் தாவ வேண்டுமென்றால் கழற்ற வேண்டும், மறுபடி மாட்ட வேண்டும். மேக்ரோவில் வளையத்தைத் திருப்பினால் போதும். தினமும் அரை மணி நேரம் செடிகளோடு இருப்பவருக்கு அந்தச் சின்ன வசதி பெரியது.

ஒரே இடத்தை வருடம் முழுக்க எடுப்பவருக்கு

இது வேறு மாதிரி ஆசை. ஒரு மரம், ஒரு குளம், தோட்டத்தின் ஒரு பாதை. அதே இடத்தில் நின்று மாதா மாதம் எடுத்து வரிசையாக வைத்தால் பருவம் தானாகவே பேசும். இதற்கு மேக்ரோவும் வேண்டாம், டெலியும் வேண்டாம். 35 அல்லது 50 மி.மீ. பிரைம் போதும். சூம் லென்ஸில் போன மாதம் 42இல் இருந்ததா 45இல் இருந்ததா என்ற தடுமாற்றம் வந்துகொண்டே இருக்கும், படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சட்டம் பொருந்தாது. பிரைமில் அந்தப் பிரச்சினைக்கே இடமில்லை. தரையில் டிரைபாட் கால் படும் இடத்துக்கு ஓர் அடையாளம், உயரத்துக்கு ஒரு குறிப்பு, முதல் படத்தின் நகல் கைப்பேசியில். வேறொன்றும் தேவையில்லை.

35ஆ 50ஆ என்பதைச் சூரியனை வைத்து முடிவு செய்யலாம். சூரியன் உதிக்கும் இடம் வருடத்தில் வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நிலநடுக்கோட்டில் அந்த வீச்சு 47 டிகிரி. 50 டிகிரி அட்சரேகையில் ஏறத்தாழ 76 டிகிரி. 50 மி.மீ. லென்ஸின் கிடைமட்டப் பார்வை 40 டிகிரிதான், 35 மி.மீ.க்கு 54. கிழக்கே பார்த்து நிற்கும் மரத்தோடு உதயத்தையும் சேர்த்து வருடம் முழுக்க ஒரே சட்டத்தில் பிடிக்க வேண்டுமானால், நிலநடுக்கோட்டுப் பக்கம் 35 தாங்கும், 50 தாங்காது. நிலநடுக்கோட்டிலிருந்து 50 டிகிரி தள்ளிப்போனால் 24 மி.மீ.கூட மயிரிழையில் போதாமல் போகும். சூரியன் சட்டத்துக்குள் வராத காட்சி என்றால் 50 தாராளமாகப் போதும், பின்னணியிலும் குப்பை குறையும்.

கடிகாரத்தில் காலை ஏழு மணி என்று வைத்துக்கொண்டு மாதா மாதம் போவது வீண்வேலை. ஒரு மாதம் சூரியன் ஏறியிருக்கும், இன்னொரு மாதம் இன்னும் உதித்திருக்காது. உதயத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து என்பதுபோல் சூரியனை வைத்து நேரம் குறித்தால் ஒளியின் உயரம் ஓரளவு ஒத்துவரும். பனிமூட்ட நாளிலும் தரை வெள்ளையாகக் கிடக்கும் நாளிலும் எக்ஸ்போஷரை, அதாவது பதியும் ஒளியின் அளவைக் கூட்ட மறக்கக்கூடாது: மூடுபனிக்கு ஒரு ஸ்டாப், வெண்பனிக்கு ஒன்றிலிருந்து இரண்டு. கேமராவின் மீட்டர் எல்லாவற்றையும் நடுச்சாம்பலாக்கவே பார்க்கும்.

கைப்பேசியோடு போவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முக்கியக் கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ.க்கு இணையானது, அதாவது அது ஒரு வைட். மேலே வைட்டைப் பற்றிச் சொன்ன குறையெல்லாம் அதற்கும் பொருந்தும். சின்னச் சென்சார் என்பதால் பின்னணியும் கூர்மையாகவே விழும். மங்கவைக்கும் போர்ட்ரெய்ட் வசதி மனித முகத்துக்குச் சரி, புல்லின் நுனியிலும் மலர்க்காம்பிலும் அது தடுமாறும். மேக்ரோ வசதி பெரும்பாலும் இன்னும் அகலமான லென்ஸில்தான் இருக்கிறது, ஓரிரு சென்டிமீட்டரில் நின்று தன் நிழலையே பூமேல் போடும். ஆனால் தரையோடு தரையாகக் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்துக் காளானின் அடிப்பக்கம் எடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. டெலி கேமரா உள்ள கைப்பேசியானால் அதிலேயே எடுத்துப் பழகுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அப்படியானால் எது?

பெரும்பாலும் தோட்டம், செடி, பூ, பூச்சி என்றால் 100 மி.மீ. மேக்ரோ. யோசிக்கவே வேண்டாம். வெளியே நடப்பது, வயல், மலை, மரம், நடுநடுவே பறவை, வண்ணத்துப்பூச்சி என்றால் 70-300ம் ஒரு 2 டயாப்டர் அக்ரோமேட்டும். இரண்டும் சமமாக என்று சொல்பவருக்கும் நான் இந்த இரண்டாவதைத்தான் சொல்வேன், வருடத்தில் அது சும்மா இருக்கும் மாதங்கள் குறைவு. ஒன்றரைக் கிலோ 100-400ஐ முதல் லென்ஸாக வாங்கச் சொல்லமாட்டேன். கனம் தாங்காமல் வீட்டிலேயே விட்டுப் போகிற நாட்கள் அதிகமாகும்.

எதை வாங்கினாலும் கூடவே ஒரு போலரைசர் வாங்குங்கள். இலையின் மெழுகுப் பளபளப்பில் வானம் பிரதிபலித்துப் பச்சை வெளுத்துத் தெரிவதை அது நீக்கிவிடும், மழை நின்ற கையோடு எடுக்கும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியைச் சாப்பிடும் என்பதால் காற்று வீசும் நாளில் கழற்றிவிடுங்கள். மேக்ரோவுக்கு டிரைபாட் அவசியம், டெலிக்கு இருந்தால் நல்லது.

இன்னும் முடிவுக்கு வர முடியவில்லையா? ஏற்கெனவே எடுத்த படங்களில் உங்களுக்குப் பிடித்தவற்றை மட்டும் தனியாக ஒதுக்கி, ஒவ்வொன்றும் எந்தக் குவியநீளத்தில் எடுத்தது என்று பாருங்கள், படக்கோப்பிலேயே பதிந்திருக்கும். பெரும்பாலானவை சூமின் நீள முனையில் எடுத்து, அப்புறம் ஓரங்களை வெட்டிய படங்கள் என்றால் உங்களுக்கு டெலி வேண்டும். இதற்குமேல் நெருங்கினால் ஃபோகஸ் ஆகாது என்ற இடத்தில் நின்று எடுத்தவையாக இருந்தால் மேக்ரோ. அகல முனையில் எடுத்து ஓரத்தில் எதுவும் வெட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்றால் மேலே நான் சொன்னதை மறந்துவிட்டு வைட் வாங்குங்கள். எல்லாம் நடுவில், 35க்கும் 60க்கும் இடையில் கிடக்கிறதென்றால் இப்போதைக்குக் கையிலிருக்கும் சூமே போதும். அதற்கு ஒரு டியூப் மட்டும் வாங்கி, அடுத்த பூக்கும் பருவம்வரை ஓட்டிப் பாருங்கள்.